எந்தப் பஞ்சு என்று கேளுங்கள்

நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மருந்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது பேச்சைப் பற்றி. நர்ஸ் படிப்பில் ‘மூச்சுத்திணறல்’ என்று ஒரே ஒரு சொல்லைக் கையில் கொடுத்து என்னை அனுப்பிவைத்தார்கள். மற்றதெல்லாம் இங்கே வந்து போனவர்கள் பேசிவிட்டுப் போனதிலிருந்து நானாகப் பொறுக்கிக்கொண்டது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒருவர், “நெஞ்சு மேல எவனோ குந்திகினு எந்திரிக்க மாட்டேன்றாம்மா” என்றார். அதே வாரம் வந்த இன்னொரு அம்மா, “மூச்சு வாசல் வரைக்கும் வருது சிஸ்டரு, உள்ள வாடான்னா வரமாட்டேங்குது” என்றார். கேஸ் ஷீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான் எழுதியிருந்தது. ஆனால் முன்னவருக்கு நெஞ்சில் தண்ணீர் கட்டியிருந்தது, பின்னவருக்கு நுரையீரலே இறுகிப் போயிருந்தது. அவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். நாம்தான் இரண்டையும் ஒன்றாக எழுதினோம்.

எத்தனை மாடி ஏறினால் இரைக்கிறது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் உங்களுக்கு. நம் திருத்தணியில் அந்தக் கேள்வி செல்லாது. “மலை ஏறுறீங்களா?” என்று கேளுங்கள். போன கிருத்திகைக்கு எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், இந்தக் கிருத்திகைக்கு எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், பின்னால் வந்த காவடிக்காரர் என்ன திட்டினார் என்பது வரைக்கும் பதில் வரும்.

எங்களுக்கு ஒரு டாக்டரம்மா இருந்தார். வேறு மாவட்டத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். வந்த புதிதில் எல்லோரையும், “கல்நார்ல வேலை செஞ்சிருக்கீங்களா?” என்று விடாமல் கேட்பார். ஆஸ்பெஸ்டாஸுக்குப் புத்தகத் தமிழில் அதுதான் பெயர். எல்லோரும் இல்லை என்று தலையாட்டுவார்கள். ஒரு பெரியவர் மட்டும் யோசித்துவிட்டு, “நார் வேலயெல்லாம் இங்க இல்லீங்க, எங்க பக்கம் வாழயே கம்மி” என்றார். அவர் ஆயுசு முழுக்க ஷீட்டை அறுத்துக் கூரை போட்டுக்கொண்டிருந்தவர். அன்றையிலிருந்து டாக்டரம்மா கல்நாரை விட்டுவிட்டு, “ஷீட்டு வேலை உண்டா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

அப்படிக் கேட்டும் எங்களுக்குப் பிடிபடாமல் போன ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

சகுந்தலாம்மா பள்ளிப்பட்டுப் பக்கம். அறுபதை ஒட்டிய வயது. வீட்டிலேயே விசைத்தறி, அவரும் மகள் பிரபாவும் ஓட்டுவார்கள். கணவர் முனிரத்தினம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். அத்தை மகனையே கட்டிக்கொண்டதால் அவரைப் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதே இவர்கள் பேச்சு என் காதில் விழுந்தது.

“பாவா, அந்தச் சீட்டு எங்க?”

“உங்கையிலதான கீது.”

“என் கையில இருந்தா உன்ன ஏன் கேக்கறேன்?”

சீட்டு சகுந்தலாம்மா கையில்தான் இருந்தது. பார்த்துவிட்டு, “இப்பதான் நைஸா வெச்சிருக்காரு, பாருங்க” என்றார் பக்கத்திலிருந்த அம்மாவிடம். வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்ததில் அவருக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது.

ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏற முடியாமல் வண்டிப் பாதையில் போனாராம். அதுதான் ஆரம்பம். நெஞ்சின் ஒரு பக்கம் தண்ணீர் கட்டியிருந்தது. எடுத்தால் திரும்பக் கட்டியது. நம் பக்கம் தண்ணீர் கட்டினால் முதலில் டிபியைத்தான் நினைப்பார்கள், அதில் தப்பில்லை. வெளியில் எங்கேயோ அதற்கு மாத்திரை சாப்பிட்டு முடித்துவிட்டு, குணமில்லாமல்தான் எங்களிடம் வந்திருந்தார்.

“இன்னா வேல பாக்கறீங்க?”

“தறிங்க.”

“வீட்டுக்காரரு?”

“பஞ்சு கம்பெனி. மெட்ராஸ் பக்கம். ரயில்ல போயி ரயில்ல வருவாரு.”

முனிரத்தினம் அப்போது வெளியே வரிசையில் நின்றிருந்தார். ஷீட்டு வேலை உண்டா என்ற கேள்விக்கு, சகுந்தலாம்மாதான் கூரைக்குக்கூட ஷீட்டு போட்டதில்லை, தளம் போட்ட வீடு என்று பெருமையாகச் சொன்னார். ஆக, இரண்டு பேருக்கும் பஞ்சுத் தூசி என்று எழுதிக்கொண்டோம். நூலிலும் தறியிலும் பிறந்து வளர்ந்த ஊர் இது. தறியே இல்லாத ஊர் ஆஸ்பத்திரியாக இருந்திருந்தால், பஞ்சு கம்பெனி என்றதும் அது என்ன கம்பெனி என்று யாராவது கேட்டிருப்பார்கள். நமக்குப் பஞ்சைத் தெரியும். தெரிந்ததை யார் கேட்பார்கள்?

டாக்டரம்மாவுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “பஞ்சுத் தூசிக்கு இருமல் வரும், இரைப்பு வரும். தண்ணி ஏன் சிஸ்டர் திரும்பத் திரும்பக் கட்டுது?” என்று என்னையே கேட்டார், எனக்குத் தெரிந்ததைப் போல.

அடுத்த முறை தண்ணீர் எடுத்த அன்று, சகுந்தலாம்மாவை முன்னால் மேசையில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். முதுகில் ஊசி, போட்டது இன்னொரு டாக்டர். ஆடக் கூடாது. வாய் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“தலகாணியா இது, கல்லு மாதிரி கீது. பாவா, ஒரு தலகாணிக்குப் பஞ்சு குடுன்னு உன்ன எவ்ளோ நாளு கேட்டிருப்பேன், குடுத்தியா? கம்பெனியில மூட்ட மூட்டயா அள்ளிக் கொட்டுன மனுஷன்!”

“அது தலகாணிக்கு ஆவாதுடி. எத்தினி வாட்டி சொல்றது? நெருப்புல போட்டாக்கூட எரியாத பஞ்சு அது.”

“கேட்டீங்களா சிஸ்டரு? எரியாத பஞ்சாம். குடுக்க மனசில்லாதவரு சொல்ற சாக்கப் பாருங்க.”

நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கை நின்றுவிட்டது.

“எந்தப் பஞ்சுண்ணா அது?”

“கல்லுப் பஞ்சும்மா. கப்பல்ல வரும். பிரிச்சிக் கொட்டி சிமெண்டோட கலந்தா ஷீட்டு. கூரைக்குப் போடறாங்களே, அதான். அந்தப் பஞ்சு இல்லன்னா ஷீட்டு நிக்காது, ஒடஞ்சி பூடும்.” குரலில் தொழில் பெருமை இருந்தது. அந்தக் கம்பெனியில் அத்தனை பேரும் அதைப் பஞ்சு என்றுதான் சொல்வார்களாம். அவர் பொய் சொல்லவில்லை. நாங்களும் தப்பாக எழுதிக்கொள்ளவில்லை. ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமந்துகொண்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது.

ஊசி எடுத்து, கட்டுப் போட்டு, அவரைச் சாய்த்து உட்கார வைத்தபின் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே அவர் முனிரத்தினத்தை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். சகுந்தலாம்மா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவர் வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டையை யாரும்மா துவைப்பாங்க?”

“வேற யாரு? நான்தான். வேலக்காரியா வெச்சாரு எனக்கு? வெள்ள வெளேர்னு வருவாரு. ரயில்ல பக்கத்துல ஒருத்தரும் குந்த மாட்டாங்களாம். தொவைக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு உதறுவேன். இப்பிடி ஒரு உதறு உதறுனா பொகையாட்டம் கெளம்பும்.”

உதறிக் காட்டிய கை அப்படியே நின்றது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவர் முகத்திலும் என்ன இருந்ததோ, கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

முனிரத்தினம் டீயோடு வந்தபோது, “சக்கர போட்டியா, மறந்துட்டியா?” என்று அதட்டினார். அவ்வளவுதான்.

சென்னையில் சதை எடுத்துப் பார்த்ததில் உறுதியானது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் புற்று. அந்தத் தூசி உள்ளே போய் எத்தனையோ வருஷம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு எழுந்திருப்பது. குணமாக்க வழியில்லை. தண்ணீரை வடிக்கலாம், வலியை அடக்கலாம், மூச்சுத் தவிப்பைக் குறைக்கலாம். நம்மால் ஆவது இவ்வளவுதான். ஆனால் இந்த ‘இவ்வளவுதான்’ சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தை நெரிப்பதுபோலத் தவிக்கிற ஒருவரின் முகத்துக்கு நேரே ஒரு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் அவர் உங்களைப் பார்க்கும் பார்வையை நீங்களே ஒரு நாள் பார்ப்பீர்கள்.

விவரம் எல்லாவற்றையும் சகுந்தலாம்மா தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஒன்று சொன்னார். “கேன்சருன்னு அவருகிட்ட சொல்லுங்க, பரவால்ல. சட்டையால வந்துதுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

வழக்கமாக நோயாளியிடம் வீட்டார்தான் மறைப்பார்கள். “அவங்களுக்குத் தெரிய வேணாம் சிஸ்டர்” என்று வராந்தாவில் நம் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே நோயாளி வீட்டாருக்கு மறைத்தார். அதற்குள் முனிரத்தினத்தையும் படம் எடுத்துப் பார்த்திருந்தோம். அவர் நுரையீரலிலும் தழும்பு இருந்தது. புற்று இல்லை. கம்பெனித் தூசியால் வந்தது என்று சொல்லி அவரைப் பீடியை விட வைக்க வேண்டும், தவறாமல் வரச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா இதை எடுத்துச் சொன்னார்.

“அவருக்கு இருக்கறத அவருக்குச் சொல்லுங்க. எனக்கு வந்தது எங்கிட்டயே இருக்கட்டும்.”

“அவர் கேட்டா என்னம்மா சொல்வீங்க?”

“தறித் தூசின்னுவேன். நம்பிப்பாரு. நான் இன்னா சொன்னாலும் நம்பற மனுஷன்தான் அது.”

நம்பினார். நம்பி அழுதார். தனக்கு வந்தது கம்பெனித் தூசி, அவளுக்கு வந்தது தறித் தூசி, ஆளுக்கொரு தூசி என்று என்னிடமே சொன்னார்.

டாக்டரம்மா என்னிடம் சொன்னது இது: “அவங்க கேட்டுக்கிட்டா நாம மறைக்கலாம் சிஸ்டர். ஆனா நம்ம வாயால பொய் சொல்ல வேணாம். மறைக்கறதுக்கும் பொய்க்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. அங்க நின்னுக்குங்க.” கேட்கும்போது விசாலமான இடமாகத்தான் தோன்றியது. நின்று பார்த்தபோது ஒரு கால் வைக்கக்கூட இடமில்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலை என்னுடையது. தண்ணீர் வடிய ஒரு மெல்லிய குழாயை நெஞ்சில் விட்டே வைத்திருந்தோம். ஒரு நாள் போனால் வாசலில் காயலான் கடைக்காரரின் மினி வேன் நின்றுகொண்டிருந்தது. உள்ளே சண்டை.

“தறிய வித்துட்டு நான் எங்க போறது நைனா? ரெண்டு புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?” இது பிரபா. தறியின் மேல் கையை ஊன்றி நின்றிருந்தாள்.

“உங்கம்மாளப் பாத்தியா? நாளைக்கி நீயும் இப்பிடித்தான் படுப்ப. என் கண்ணால இன்னொண்ணு பாக்க முடியாது. அவள இந்தத் தறிதான் தின்னுச்சி.” என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். “சிஸ்டரம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொல்லுங்க. தறியாலதானே வந்துச்சி? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

கட்டிலில் சாய்ந்திருந்த சகுந்தலாம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார்.

ஆமாம் என்றால் அந்த அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடலாம், மகளின் பிழைப்பு வேனில் ஏறிவிடும். இல்லை என்றால் தறி நிற்கும், அடுத்த கேள்வி வரும். யோசிக்க நேரமில்லை. நம் வேலையில் இப்படிப்பட்ட கேள்விகளை யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கேட்பதில்லை.

“தறியால இந்த நோவு வராதுண்ணா” என்றேன்.

“அப்ப எதால?”

சகுந்தலாம்மாவைப் பார்த்தேன். முனிரத்தினமும் என் பார்வை போன பக்கம் பார்த்தார். பிரபாவும் பார்த்தாள்.

“உன் சட்ட, பாவா” என்றார் சகுந்தலாம்மா. மூச்சு பிடிபட்டதும், “உன் சட்டத் தூசி. அதுக்கு இன்னா இப்ப? தொவைக்காம உட்டிருந்தா அம்மணமாவா போயிருப்ப வேலைக்கு?”

யாரும் சிரிக்கவில்லை. பிரபா வாயைப் பொத்திக்கொண்டாள். முனிரத்தினம் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“உதறாதன்னு நான் சொல்லியிருக்கணும்.”

“உனக்குத் தெரியுமா அது?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அப்புறம் யார் மேல கோவப்படறது? எந்திரி. வண்டிக்காரன அனுப்பு, ஹாரன அடிச்சி அடிச்சி உசுர வாங்கறான்.”

அவர் எழுந்திருக்கவில்லை. பிரபாதான் போய் அனுப்பிவிட்டு வந்தாள். “கம்பெனியில யாருக்காவது தெரிஞ்சிருக்குமா சிஸ்டரம்மா? மேல இருக்கறவங்களுக்கு?” என்று முனிரத்தினம் என்னைக் கேட்டார். குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தேன். என் கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அடுத்த முறை போனபோது சகுந்தலாம்மா தன் கையைத் தொடவிடவில்லை. குழாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிளம்பும்போது, “ஒரே ஒரு ஆமா. சொல்லியிருக்கக் கூடாதா சிஸ்டரு?” என்றார். “தறி போனா போயிருக்கும். திரும்ப வாங்கிக்கலாம். அவரு பேச்சையே நிறுத்திட்டாரு, பாருங்க.”

உண்மைதான். அந்த வீட்டில் சீட்டுக்கும் சர்க்கரைக்கும் சண்டை போடுவதற்கு ஆள் இல்லாமல் போனது. முனிரத்தினம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வேண்டியதைச் செய்வார். தூக்கி உட்கார வைப்பார், முதுகைத் தடவுவார், வலி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பார். வாய் மட்டும் திறக்க மாட்டார். சகுந்தலாம்மா இருக்கிற கொஞ்ச மூச்சையும் செலவழித்து அவரைச் சீண்டிப் பார்ப்பார். “ஊமய கட்டிக்கினேனா நானு?” என்பார். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

கடைசிப் பக்கம் ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போது அவர் பேச்சுக் குரல் கேட்டது. ரயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தூங்கிப்போய்த் திருத்தணியைத் தாண்டி ரேணிகுண்டா வரைக்கும் போய்விட்ட கதை. சகுந்தலாம்மா கண்ணை மூடிக்கொண்டு, “பொய்யி. சீட்டாடிக்கினு எறங்க மறந்துட்டிருப்ப” என்றார். நான் சத்தம் போடாமல் வாசலிலேயே நின்றுகொண்டேன். அந்த வாரமே சகுந்தலாம்மா போய்விட்டார். மதியம், மகள் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது. தவிப்பில்லாமல் போனார் என்று பிரபா சொன்னாள். அந்த ஒன்றை நாங்கள் ஒழுங்காகச் செய்திருந்தோம்.

நான் சொன்னது சரியா தப்பா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். தெரியாது. தறி இன்றைக்கும் ஓடுகிறது, அது தெரியும். கேட்கும்போது எந்தப் பஞ்சு என்று கேளுங்கள், சட்டையைத் துவைப்பது யார் என்று கேளுங்கள். அதன் பிறகு ஷீட்டு கம்பெனி ஆள் யார் வந்தாலும் வீட்டுப் பெண்களையும் கூட்டி வரச் சொல்வது எங்கள் பிரிவில் வழக்கமானது. அப்படிச் சில பேரைச் சீக்கிரமே கண்டுபிடிக்கவும் முடிந்தது. அது வேறு கணக்கு. அந்தக் கணக்கைக் காட்டி இதைச் சரிக்கட்ட எனக்கு மனசு வரவில்லை.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து முனிரத்தினம் தன் பரிசோதனைக்குத் தனியாக வந்தார். மூச்சின் அளவு பார்க்கும் குழாயில் ஊதச் சொன்னோம். “ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்” என்று நான் பக்கத்தில் நின்று சத்தம் போட்டேன். கண் பிதுங்க ஊதினார். காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் காட்டினார். முன்பு இருந்ததிலிருந்து கொஞ்சமும் இறங்கவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு நல்ல சேதி இருந்தது. இரண்டு பேரும் சிரித்த முகமாக அவர் எதிரில் உட்கார்ந்தோம்.

“ஐயா, உங்க நுரையீரல் நல்லா தாக்குப்பிடிக்குது. பீடியை விட்டது பெரிய காரியம். இப்படியே பாத்துக்கிட்டா நீங்க இன்னும் ரொம்ப வருஷம் இருக்கலாம்.”

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அவ்ளோ நாளா?” என்றார்.

டாக்டரம்மா கையிலிருந்த காகிதத்தை மேசைமேல் வைத்தார். வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது.